எருது எடைக் கதையும் நம்ம வாட்ஸ்அப் குழுவும்

"இங்கிலாந்தில் 800 பேர் கூடிப் பேசி ஒரு எருதின் எடையைத் துல்லியமாகச் சொன்னார்கள். அதனால் குழுவில் அதிகம் பேர் சொல்வதே சரி." தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குழுக்களில் சுற்றும் இந்தப் பார்வர்டில் பாதிதான் உண்மை.

1906-இல் பிளிமத்தில் போட்டி நடந்தது நிஜம். ஆனால் அங்கே யாரும் கூடிப் பேசவில்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, வெட்டிச் சுத்தம் செய்தபின் எருது எவ்வளவு தேறும் என்று அவரவர் தனியே எழுதிப் போட்டார்கள். பரிசு உண்டு, விளையாட்டாக யார் எழுதுவார்? 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி, புள்ளியியல் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் நடு எண்ணை எடுத்தார்: 1,207 பவுண்டு. அசல் எடை 1,198. ஒருவர் கூட்டியதை இன்னொருவர் குறைத்ததால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

நம் குழுவில் நடப்பது வேறு. "கல்லணை திறந்தாச்சு, நாளைக்கு வெண்ணாத்துல தண்ணி" என்று ஒரு குரல்பதிவு வரும். கீழே நாற்பது கட்டைவிரல். அது நாற்பது சாட்சி இல்லை, ஒரே வாய். வெவ்வேறு மதகடியில் நிற்கும் நாலு பேர், அடுத்தவர் பதிவைப் பார்க்காமல், படித்துறையில் தண்ணீர் எந்தப் படியைத் தொடுகிறது என்று சொல்லட்டும். விதைநெல்லை அதற்கப்புறம் ஊறப்போடலாம்.