குத்துவிளக்கு ஏற்றியது போதும், படிவம் 1-ஐக் காட்டுங்கள்

ஏப்ரல் 26 உலக அறிவுசார் சொத்துரிமை நாள். 2018-இலும் 2023-இலும் அந்த நாளுக்குப் பெண்களையே கருப்பொருளாக அறிவித்தார்கள், அப்போதிலிருந்து நம்மூர் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் 'பெண் கண்டுபிடிப்பாளர்கள்' என்று ஒரு ஸ்லைடு வந்துவிடுகிறது. நான் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, கேட்கும் விண்ணப்பம் எழுதிப் பிழைப்பவள். கூப்பிட்டால் இந்தக் கூட்டங்களில் போய்ப் பேசுகிறவளும்கூட. அந்த உரிமையில் சொல்கிறேன், இவற்றில் முக்கால்வாசி யாருக்கும் உதவுவதில்லை.

அந்த ஸ்லைடில் முதல் படம் பெரும்பாலும் மேரி கியூரி. ரேடியம் பிரித்தெடுக்கும் முறைக்கு பேட்டன்ட் வேண்டாம் என்று கணவரோடு சேர்ந்து யோசித்து முடிவெடுத்தவர் அவர்! பெரிய மனசுதான். பிறகு ஆராய்ச்சிக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்க அவருக்கே வழியில்லாமல், அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் திரட்டி 1921-இல் வாங்கிக் கொடுத்தார்கள். இதை முழுசாகச் சொன்னால் நல்ல விவாதம் நடக்கும். யாரும் சொல்வதில்லை, படத்தைக் காட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்கள்.

அதற்குப் பதில் மார்கரெட் நைட் கதையைச் சொல்லலாம். அடிப்பக்கம் தட்டையாக வரும் காகிதப் பையைச் செய்ய இயந்திரம் உருவாக்கியவர். அது தயாராகிக்கொண்டிருந்த பட்டறையில் அதைப் பார்த்த சார்லஸ் அன்னான் என்பவர் தன் பெயரில் பேட்டன்ட் கேட்டுவிட்டார். நைட் சும்மா விடவில்லை. வரைபடங்கள், குறிப்புகள், சாட்சிகள் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய் நிறுத்தி ஜெயித்தார், 1871-இல் பேட்டன்ட் அவர் பெயருக்கு வந்தது. இந்தியாவில் இன்று யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதுதான் கணக்கு, ஆனாலும் 'என்னிடமிருந்து திருடியது' என்று பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 25-இன் கீழ் ஆட்சேபம் போட முடியும், அதற்கு இப்படித் தேதி போட்ட நோட்டுதான் கை கொடுக்கும். இதைக் கேட்டுவிட்டுப் போகிற பெண் மறுநாளே ஒரு நோட்டு வாங்குவாள்.

ஈரோட்டுப் பக்கம் மகளிர் குழுவில் இருக்கும் ஓர் அக்கா என்னிடம் வந்தார். வாழைமட்டையிலிருந்து நார் உரிக்க ஒரு கருவி, பழைய தையல் மிஷின் மிதியில் ஓடுகிறது, பிளேடின் சாய்வை மட்டையின் தடிப்புக்குத் தக்கபடி திருகி மாற்றிக்கொள்ளலாம். அருமையான வேலை. ஆனால் அதை எட்டு மாதம் முன்பே யூடியூபில் போட்டிருந்தார், அப்புறம் மாவட்டக் கண்காட்சியிலும் ஓட்டிக் காட்டியிருந்தார். விண்ணப்பிக்கும் முன் ஊருக்கே காட்டிவிட்டால் புதுமை போயிற்று, அதற்கு பேட்டன்ட் கிடைக்காது. கண்காட்சிக்கு ஒரு வருட விலக்கு உண்டுதான், ஆனால் அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும், கலெக்டர் ஆபீஸ் மைதானத்து ஸ்டாலுக்கு இல்லை. வீடியோவுக்குப் பிறகு அவர் சேர்த்த ஒரு பாகத்தை மட்டும் வைத்து விண்ணப்பம் தயார் செய்தோம். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே ஒரு விழிப்புணர்வு முகாமுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். இந்த ஒரு விஷயத்தை அங்கே யாருமே சொல்லவில்லையாம்.

அப்புறம் பெயர். கணவரைச் சொல்லி, "அவர் பேரையே போட்டுடுங்க மேடம், ஜிஎஸ்டி அவர் பேர்லதான் இருக்கு" என்றார். பேட்டன்ட் விண்ணப்பமான படிவம் 1-இல் விண்ணப்பதாரருக்கு ஓர் இடம், கண்டுபிடித்தவருக்குத் தனியாக ஓர் இடம் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் கண்டுபிடித்தவராகத் தன் பெயரைப் போட ஒத்துக்கொண்டார். சிபில்லா மாஸ்டர்ஸ் என்ற பெண் கண்டுபிடித்த சோளம் பதப்படுத்தும் முறைக்கு 1715-இல் இங்கிலாந்தில் கணவர் பெயரில்தான் உரிமை தந்தார்கள். ஆனால் அந்தப் பத்திரத்திலேயே இது அவர் மனைவி கண்டுபிடித்தது என்று எழுதியிருந்தார்கள். நாம் அதைக்கூட எழுத மாட்டேன் என்கிறோம்.

படித்த பெண்கள் பாடும் பெரிய வித்தியாசம் இல்லை. 2019-இல் விதியைத் திருத்தி, விண்ணப்பதாரர்களில் ஒரு பெண் இருந்தால் விரைவுப் பரிசோதனை, அதாவது விண்ணப்பத்தை வரிசைக்குக் காத்திராமல் ஆராய்வது, கேட்கலாம் என்றார்கள். நல்ல சலுகை. ஆனால் விண்ணப்பதாரர் எல்லோரும் தனிநபராக இருக்க வேண்டும். கல்லூரியே விண்ணப்பதாரர், பேராசிரியை கண்டுபிடித்தவர் என்று போட்டால் இந்தச் சலுகை கிடையாது. இன்னொரு பக்கம், பொருளின் வடிவத்துக்கு உரிமை தரும் டிசைன் பதிவை வைத்து, வாட்ஸ்அப்பில் 'டிசைன் பதிவில் இரண்டாவது பெயர் இடம் காலி, இவ்வளவு ரூபாய்' என்று விளம்பரம் சுற்றுகிறது. கல்லூரித் தரமதிப்பீட்டுப் புள்ளிக்காக அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் கைதட்டிப் பொன்னாடை போர்த்துகிறோம். எரிச்சலாக இருக்கிறது.

கூட்டம் நடத்துகிறவர்களே, சிறப்பு விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பைப் பாதியாக்குங்கள். படிவத்தைத் திரையில் போட்டு நிரப்பிக் காட்டுங்கள். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1600 ரூபாய்தான், அரைகுறையாக இருந்தாலும் கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம், முழுதாக எழுத 12 மாதம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பரிசோதனைக்கு மேலும் 4000, விரைவாக வேண்டுமென்றால் 8000, என்னைப் போன்றவர்களின் ஃபீஸ் தனி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் கமென்ட்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதை மட்டும் தயவுசெய்து அங்கே எழுதிவிடாதீர்கள்.