சென்ட்ரிங்குக்கு யார் பொறுப்பு?

சேலத்தில் வீடு கட்டும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கம்பி எத்தனை எம்எம், எந்த சிமெண்ட், எம்-சாண்ட் எந்தக் கிரஷரிலிருந்து வருகிறது என்பதெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். காங்கிரீட் இறுகும் வரை தளத்தைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் முட்டுக்கு என்ன கணக்கு என்று கேட்டால் மட்டும் "அது மேஸ்திரி பார்த்துக்குவாருங்க" என்பார்கள். பல காண்ட்ராக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள். என் கோபமெல்லாம் இதன் மேல்தான்.

1,000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் போட்டால் ஈரக் காங்கிரீட் மட்டும் ஏறக்குறைய 29 டன். அதன் மேல் ஆட்கள், வைப்ரேட்டர், பம்ப் குழாய் ஒரே இடத்தில் கொட்டிக் குவிக்கும் சுமை. இத்தனையையும் தாங்குவது முட்டுகள்தான். அந்த முட்டுகளோ தளர்ந்த மண்ணில், உடைந்த செங்கல் மேல் நிற்கின்றன. இப்போது இரண்டு மாடி உயரத்துக்குப் போர்ட்டிகோ வைக்கும் ஆசை வேறு. அதற்குச் சவுக்குக் கட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுப் போட்டு நிறுத்துகிறார்கள். குறுக்குக் கட்டை கட்டாமல் உயரத்தை இரட்டிப்பாக்கினால், வளைந்து ஒடியாமல் நிற்கும் வலு கால் பங்காகிவிடும். குறுக்கே நாலு கட்டை கட்ட அரை நாள் கூலிகூட ஆகாது, அதற்கும் மனசு வருவதில்லை.

முட்டுகளைப் பிரிக்கும் நாளும் இப்படித்தான் முடிவாகிறது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 படி, தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். இது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்கு, நன்றாகத் தண்ணீர் விட்டு, வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாத இடத்துக்குச் சொன்னது. நாம் வாங்குவதோ பெரும்பாலும் சாம்பல் கலந்த, மெதுவாக வலுப்பெறும் பிபிசி (PPC) சிமெண்ட். ஏற்காட்டில் மார்கழி இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே நாள் கூட வேண்டும். ஆனால் சீசனுக்குள் ரிசார்ட்டைத் திறக்கிற அவசரத்தில், கீழே சேலத்தில் பழகிய நாள் கணக்கையே மலைக்கும் கொண்டுபோகிறார்கள்.

மலையில் இன்னொன்றும் இருக்கிறது. தடுப்புச் சுவருக்காகப் பொக்லைன் சரிவைச் செங்குத்தாக வெட்டிப் போட, அதன் அடியில் குனிந்து கம்பி கட்டுகிறார்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. 1.5 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் சரிவாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலகை வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும். "மண்ணு கெட்டியா இருக்குதுங்க சார்" என்பது ஒரு ராத்திரி மழை வரைக்கும்தான்.

பிரிட்டனில் 1970-களில் காங்கிரீட்டைத் தாங்கிய முட்டுச் சாரங்கள் அடுத்தடுத்துச் சரிந்த பிறகு, அதை ஆராய்ந்த பிராக் குழு 1975-ல் அறிக்கை தந்தது. 1982-ல் இதற்கான பிரிட்டிஷ் தரவிதி பிஎஸ் 5975 வந்தது. தற்காலிகக் கட்டுமானங்களை ஒருங்கிணைக்கவென்றே ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கும் வழக்கம் அங்கே ஊன்றிவிட்டது. அவர் அனுமதிக்காமல் காங்கிரீட் ஊற்றுவதோ முட்டுகளைப் பிரிப்பதோ கூடாது. அவருக்கு இரண்டு நாள் பயிற்சி, அவருக்குக் கீழே மேற்பார்ப்பவருக்கு ஒரு நாள். நம்மிடமும் 1999-லேயே முட்டுகளுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 14687 வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருக்கும் அதை நம் மேஸ்திரி எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஊரில் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழிலேயே இதற்கு வகுப்பு வைக்கலாம். வடக்கிலிருந்து வந்த பையன்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் சொல்லித்தர வேண்டும், முட்டின் உயரத்தைச் சரிசெய்யும் ஜாக்கியை முடுக்குவது அவர்கள்தானே. அன்றைய கூலியைக் காண்ட்ராக்டர் கொடுத்தே ஆக வேண்டும், கூலியை இழந்து யாரும் வகுப்புக்கு வர மாட்டார்கள். பாடமும் மேஸ்திரியைப் பேசவிட்டுத் தொடங்கட்டும். கட்டையைத் தட்டிப் பார்த்தே உளுத்ததைச் சொல்லும் மனிதருக்குத் தெரிந்தது நிறைய. போர்ட்டிகோ போல ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளத்தில் நுனியிலிருந்துதான் முட்டுகளை எடுத்துவர வேண்டும் என்பதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவரே அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பார்.

இந்த மாதம் தளம் போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊற்றும் முன் முட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடப் போவது யார் என்று உங்கள் இன்ஜினியரிடம் கேளுங்கள். தளம் போட்ட தேதி, முட்டு எடுக்கும் தேதி, எடுக்கச் சொல்ல வேண்டியவரின் பெயர் மூன்றையும் சுவரில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.