செய்கூலி, சேதாரம், செர்ன்

(திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்தில் ஒரு நகைப் பட்டறை. பேத்தியின் காது குத்துக்குச் செய்யக் கொடுத்த கம்மலை வாங்கிப் போக, ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார் வந்திருக்கிறார். கம்மல் இன்னும் ஆகவில்லை. அதில் யாருக்கும் வியப்பில்லை.)

ஆசாரி: வாருங்கள் சார்வாள். சுவிட்சர்லாந்தில் ஈயத்தைத் தங்கமாக்கிவிட்டார்கள் என்று மருமகன் செல்போனில் காட்டியதிலிருந்து எனக்கு உலை ஊத மனம் வரவில்லை. உங்கள் கம்மல் தாமதமானதற்கும் அதுதான் காரணம்.

வாத்தியார்: போன மாதம் மழையைக் காரணம் சொன்னீர். இருந்தாலும் செய்தி உண்மைதான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில், செர்ன் ஆய்வகத்தில், பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று இருக்கிறது. 2012இல் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளைக் கண்டுபிடித்தது அதில்தான். ஆண்டில் சில வாரங்கள் மட்டும், புரோட்டான்களுக்குப் பதிலாக ஈயத்தின் அணுக்கருக்களை, ஒளியின் வேகத்தைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடிக்கிற வேகத்தில் எதிரெதிரே ஓட விடுவார்கள்.

ஆசாரி: மோதினால் பொன்னாகிவிடும்.

வாத்தியார்: மோதினால் நொறுங்கிவிடும். தொடாமல் விலகிப் போனால்தான் பொன். ஆனித் தேரோட்டத்தில் தேர் உங்கள் வீட்டைத் தொடாமல்தான் போகிறது. ஆனாலும் அந்த அதிர்வில் பரணிலிருந்து பாத்திரம் விழுகிறது இல்லையா?

ஆசாரி: ஒரு வருடம் பித்தளைப் போணி என் மாமியார் மேல் விழுந்தது. அவர்கள் தேரைக் குறை சொல்லவில்லை, என்னைத்தான் சொன்னார்கள்.

வாத்தியார்: அதே கதைதான். ஈயக் கருவில் 82 புரோட்டான்கள் உண்டு. அந்த எண்ணிக்கை மாறினால் உலோகமே வேறாகிவிடும். இன்னொரு கரு அருகில் பாய்ந்து போகும்போது அதன் மின்காந்தப் புலம் ஓர் ஒளித்துடிப்பைப் போல வந்து தாக்க, இந்தக் கரு குலுங்கிச் சில புரோட்டான்களை உதிர்த்துவிடுகிறது. ஒன்று உதிர்ந்தால் தாலியம்...

ஆசாரி: தாலிக்கு ஆகுமா?

வாத்தியார்: ஒரு காலத்தில் எலி மருந்துக்கு ஆயிற்று. இரண்டு உதிர்ந்தால் பாதரசம். மூன்று உதிர்ந்தால் மிச்சம் 79, அதாவது தங்கம்.

ஆசாரி: பொதிகை மலைச் சித்தர்கள் பாதரசத்தை வைத்துக்கொண்டுதானே ரசவாதம் பார்த்தார்கள் என்பார்கள்? அப்படியானால் ஒரே ஒரு புரோட்டானில் கோட்டை விட்டிருக்கிறார்கள்!

வாத்தியார்: எந்த மூலிகையும் எந்த உலையும் அணுவின் வெளிவாசலோடு நின்றுவிடும், கருவைத் தொடாது.

ஆசாரி: அது கிடக்கட்டும். எடை எவ்வளவு?

வாத்தியார்: 2015 முதல் 2018 வரை ஓட விட்டதில் 8600 கோடி தங்கக் கருக்கள் உண்டானதாக, ஆலிஸ் என்ற ஆய்வுக் குழு 2025 மே மாதம் கணக்குச் சொன்னது.

ஆசாரி: (ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு) எண்ணாயிரத்து அறுநூறு கோடியா! பவுனாகச் சொல்லுங்கள் சார்வாள்.

வாத்தியார்: ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் 29 பங்கு. இந்த வேகத்தில் ஒரு பவுன் சேர லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1380 கோடி ஆண்டுகள்தான்.

ஆசாரி: (முகம் மலர்ந்து) அப்படியானால் என்னைவிடத் தாமதமாகத் தருகிற பட்டறையும் உலகத்தில் இருக்கிறது! அந்தத் துளியையாவது உரைகல்லில் உரைத்துப் பார்த்தார்களா?

வாத்தியார்: அது பிறந்த கணத்திலேயே குழாய்ச் சுவரிலோ வேறு பாகத்திலோ மோதிச் சிதறிவிடும், தங்கத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. மோதும் இடத்திலிருந்து நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி வைத்த கருவிகள், உதிர்ந்த புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் எண்ணின. மூன்று புரோட்டான்கள் உதிர்ந்திருந்தால் மிஞ்சியது தங்கம் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஆசாரி: இது எனக்குப் புரிகிறது. பட்டறையைப் பெருக்கிய தூசியைப் பார்த்தே, அன்றைக்கு என்ன நகை இழைத்தேன் என்று என் அப்பா சொல்லிவிடுவார். ஆனால் இவ்வளவு செலவு செய்து இந்தத் துளித் தங்கம் எதற்கு?

வாத்தியார்: தங்கம் வேண்டும் என்று யாரும் தொடங்கவில்லை. பிரபஞ்சம் பிறந்த கணத்தில் இருந்த, புரோட்டானுக்குள் அடங்கிய துகள்களான குவார்க், குளுவான் ஆகியவற்றின் குழம்பைக் காய்ச்சிப் பார்க்கத்தான் ஈயத்தை மோத விடுகிறார்கள். வழியில் இப்படி உதிர்ந்து மாறிய கருக்கள் பாதை விலகிப் போவதால், வளையத்தில் ஓடுகிற ஈயக் கருக்களின் கற்றை தேய்ந்துகொண்டே வரும். அந்த இழப்பை முன்கூட்டிக் கணக்கிடத்தான் இந்த அளவீடு உதவுகிறது.

ஆசாரி: அதாவது அங்கே தங்கமே சேதாரம்!

வாத்தியார்: அப்படியே வைத்துக்கொள்ளும். சேதாரம் என்றதும் நினைவு வருகிறது. என் கம்மலுக்கு எத்தனை சதவீதம் போட்டிருக்கிறீர்?

ஆசாரி: அது வரக் கூடாது என்றுதான் பேச்சை ஜெனீவாவுக்குக் கொண்டுபோனேன்.

வாத்தியார்: அவர்கள் ஒவ்வொரு புரோட்டானையும் எண்ணியிருக்கிறார்கள். உம்முடைய பட்டறைத் தூசியை நானும் எண்ணிப் பார்க்கலாமா?

ஆசாரி: தாராளமாக எண்ணலாம். ஆனால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி நின்றுதான் எண்ண வேண்டும் என்று சற்று முன்பு நீங்களே சொன்னீர்கள். வீதி முனையில் காப்பிக்கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து எண்ணுங்கள் சார்வாள்.