பேப்ஸைத் தோண்டியெடுத்தது சரிதான்

42 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ஒரு பந்தயக் காரை வெளியே எடுத்து மறுபடி ஓட வைப்பது, அதில் உயிர் விட்டவருடைய கல்லறையைக் கிளறுவதற்குச் சமம் என்று கருதுவோர் உண்டு. பேப்ஸ் என்ற கார் விஷயத்தில் அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கவுண்ட் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற செல்வந்தர் கட்டிய கார் அது. பிரிட்டிஷ் கார் என்று பெயர்தான். இன்ஜின், முதல் உலகப் போர் விமானங்களுக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட 27 லிட்டர் லிபர்ட்டி, கியர்பெட்டியோ ஜெர்மானிய பென்ஸ். 1924இல் அவர் மோன்சா பந்தயத்தில் இறந்தபின், லேலண்ட் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜே. ஜி. பாரி-தாமஸ் அதை 125 பவுண்டுக்கு வாங்கித் தன் கைப்படத் திருத்தியமைத்தார். 1926 ஏப்ரலில், வேல்ஸின் பென்டைன் கடற்கரையில், கடல் உள்வாங்கியதும் தார்ச்சாலைபோல் இறுகிவிடும் அந்த ஏழு மைல் மணற்பரப்பில், மணிக்கு 171 மைல் வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் மால்கம் கேம்பெல் அதே மணலில் அதை முறியடித்தார். சாதனையை மீட்க வந்த பாரி-தாமஸ் 1927 மார்ச் 3 அன்று கார் உருண்டதில் உயிரிழந்தார். உடன் இருந்தவர்கள் இருக்கையின் தோலைக் கிழித்து, அளவுமானிகளை உடைத்து, மணற்குன்றுகளுக்கிடையே குழி வெட்டிக் காரைப் புதைத்தார்கள். அவர்கள் துக்கத்தை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் காரோடு சாட்சியமும் புதைந்துபோயிற்று. பின்சக்கரத்தைச் சுழற்றிய தடித்த சங்கிலி அறுந்து அவரைத் தாக்கியது என்ற கதையே பல பத்தாண்டுகள் உண்மையாகச் சொல்லப்பட்டது. பாங்கர் தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர் ஓவன் வின் ஓவன், பாரி-தாமஸின் உறவினருடைய சம்மதத்தையும், அந்த இடம் ராணுவத்தின் வசம் இருந்ததால் அதன் அனுமதியையும் பெற்று, 1969இல் காரைத் தோண்டியெடுத்தார். பாகங்களைப் பார்த்தபின்பே, சங்கிலி அறுந்தது விபத்தின் விளைவாக இருக்கலாம், பின்சக்கரம் முதலில் உடைந்திருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. தானே திருத்தியமைத்த காரால் மாண்டார் என்ற பழி ஒரு பொறியாளர் மேல் படிந்திருக்கையில், அந்தப் பழியைச் சோதித்துப் பார்க்க உதவும் ஒரே பொருளை உப்பு அரிக்க விடுவதுதான் எனக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது.

உப்பரித்த மேற்தகட்டைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்ததால் இது அசல் பேப்ஸ் இல்லை என்ற வாதம் என்னை அவ்வளவாக உறுத்துவதில்லை. பாரி-தாமஸே அதை மாற்றிக்கொண்டேதான் இருந்தார். உறுத்துவது வேறொன்று: இன்று காரில் உள்ள பளபளப்பான இருக்கையில் அந்தக் கத்திக் கீறல் இல்லை. ஓவன் பல ஆண்டுகள் உழைத்து அந்தப் பழைய இன்ஜினை மறுபடி உறும வைத்தார். கோடையில் பேப்ஸ் பென்டைன் அருங்காட்சியகத்துக்கு வந்து நிற்பதுண்டு. அது புதைந்திருந்த மணல் அதே ஊரில்தான் இருக்கிறது.