பத்திரம் வீட்டுக்கு வந்த பிறகு

அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து குடியாத்தத்துக்கே வந்துவிட்டான். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். பெட்டியை இறக்குவதற்குள் எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார்: "இன்னாப்பா, வேலை போயிடுச்சா?" அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

அங்கே படிப்பு முடித்தவர்களுக்கு ஓபிடி என்று 12 மாதம் வேலை அனுமதி உண்டு. இவனைப் போல பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம். அதற்குள் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஆண்டுக்கு 85,000 விசா, அதில் 20,000 அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்கு. மூன்று தடவையும் இவன் பெயர் விழவில்லை. இதில் அவன் திறமைக் குறைவு எங்கே வந்தது?

இன்னொரு டிகிரியில் சேர்ந்து விசாவை நீட்டச் சொன்னார்கள் நண்பர்கள். மாட்டேன் என்றான். ஜெர்மனியில் படித்த என் சிநேகிதரின் மகள் அங்கேயே தங்கிவிட்டாள், அதுவும் சரிதான். அவரவர் கணக்கு அவரவருக்கு.

ஆனால் அந்தக் கணக்கைப் போடவே இவனுக்கு மூன்று வருடம் வழியில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பேங்க்கில் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்பார்கள். அக்காவின் கணவர் தறி ஓட்டிக் கட்டிய வீட்டின் பத்திரத்தை, பீரோவிலிருந்த மஞ்சள் பையோடு எடுத்துப்போய்க் கொடுத்தோம். கடன் அடைந்து அது திரும்பி வந்த அன்று போனில் சொன்னான்: "மாமா, எங்க இருக்கலாம்னு இன்னிக்குத்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறேன்."

வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இராணிப்பேட்டையில் பிறந்தவர்; அமெரிக்காவில் 1899இல் மருத்துவம் முடித்து 1900இல் வேலூருக்கு வந்தார். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை வந்தால் மட்டும் வேலை போயிடுச்சா என்று கேட்கிறோம்.

இந்த வருடம் பேங்க்கில் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதற்கு முந்தின நாள் ராத்திரி பிள்ளையை எதிரில் உட்காரவைத்துப் பேசுங்கள். குலுக்கலில் பெயர் விழாவிட்டால் என்ன செய்வது, இங்கே வந்து வேலை பார்த்தால் தவணை கட்ட முடியுமா, மீதியை வீட்டில் யார் தாங்குவது, எல்லாவற்றையும். நாங்கள் அன்றைக்கு அதைப் பேசவில்லை. ஸ்வீட் வாங்கி வந்து கொடுத்தோம். மீதியை மூன்று வருடம் அவன் தனியாகச் சுமந்தான்.