யாரு செஞ்சு குடுத்தா?

மாணவர் ரோபோ போட்டி மேடையில் எடுத்த அந்தக் காணொளியை எனக்கு இதுவரை பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஏழு பேர் சிரிக்கும் பொம்மை முகத்தையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். கருவாடு காயும் மேடையில் மழைத்துளி விழுந்ததும் தார்ப்பாய் தானாக விரிந்து மூடுகிற ஒரு சிறிய இயந்திரத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம், நடுவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, யாரு செஞ்சு குடுத்தா?" என்று கேட்கிறார். அரங்கம் சிரிக்கிறது. "நாங்கதான் சார்" என்று அந்தப் பிள்ளை சொன்ன பிறகும் அவர் விடாமல், "உண்மையைச் சொல்லும்மா" என்கிறார். அத்துடன் காணொளி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் முகம் என்ன ஆனது என்பது எடுத்தவருக்குத் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

நடுவர் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கத்தான் அவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த நீளப் பதிவு.

மழை உணரி என்பது அப்படியொன்றும் பெரிய மர்மம் அல்ல. சீப்பின் பற்களைப் போல எதிரெதிராகச் செம்புக் கோடுகள் ஓடும் ஒரு சிறு பலகை. இரண்டு கோடுகளுக்கு நடுவே நீர் விழுந்தால் மின்சாரம் பாய வழி கிடைக்கிறது, அதை வைத்து மோட்டார் ஓடுகிறது. சரி, எங்கள் கரையில் விடிகாலைப் பனியே உப்புச் சேர்ந்துதான் இறங்கும். உப்புநீர் மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்துமே, அப்படியானால் மழையே இல்லாமல் உன் தார்ப்பாய் மூடிக்கொள்ளாதா, அதற்கு என்ன செய்திருக்கிறாய், நாலு மாதத்தில் அந்தச் செம்பு பச்சைக் களிம்பு பிடித்துப் போகுமே, அப்போது என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டிருக்கலாம். வேறொருவர் செய்து கொடுத்திருந்தால் அந்த இடத்திலேயே பிள்ளை திணறியிருக்கும். தானே செய்திருந்தால் கண் விரியப் பத்து நிமிடம் பேசியிருக்கும். இரண்டில் எதுவானாலும் நடுவருக்கு விடை கிடைத்திருக்கும், பிள்ளைக்கும் அவமானம் நேர்ந்திருக்காது.

"அவர் எல்லோரிடமும்தான் அப்படிக் கேட்டார், நீங்கள் ஏன் பெரிதாக்குகிறீர்கள்" என்று நேற்று ஒரு நண்பர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். முழு நிகழ்ச்சியும் யூடியூபில் இருக்கிறது நண்பரே. நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். இதற்கு முந்தைய அணி, கோட்டும் டையும் அணிந்து வந்த பிள்ளைகள், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தூரத்தை அளக்கும் மீயொலி உணரி வைத்த வண்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களிடம் இதே நடுவர், "இந்த சென்சார் எவ்வளவு தூரம் வரைக்கும் காட்டும்?" என்று கேட்கிறார். "நானூறு சென்டிமீட்டர் சார்" என்று ஒரு பையன் சொல்கிறான். சரியான விடை. அந்தப் பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றாகவே செய்திருந்தான். அவனிடம் சென்சாரைப் பற்றிக் கேட்கத் தெரிந்த வாய்க்கு, அடுத்து வந்த கடற்கரைப் பிள்ளையிடம் ஏன் வேறு கேள்வி வந்தது என்பதுதான் என் சந்தேகம். கோட்டுத் துணியில் நேர்மை நெய்து வருகிறது போலும்.

"பயிற்சி மையங்களில் காசு கொடுத்துச் செய்து வாங்கிவருகிறார்களே, அது உண்மையில்லையா?" உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் சொல்கிறேன், ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள் என்று. "சும்மா விளையாட்டுக்குக் கேட்டது" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. விளையாட்டு என்றால் இருவரும் சிரித்திருக்க வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று வீட்டிலும் கேட்டார்கள். சொல்கிறேன். இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை.

2012-ஆம் ஆண்டு, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, நான் முதன்முதலாக ஒரு ரோபோ போட்டிக்குப் போனேன். மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரி. வெள்ளைப் பேனர் துணியில் கறுப்பு டேப்பால் வளைந்து வளைந்து கோடு ஒட்டியிருப்பார்கள். வண்டி அந்தக் கோட்டைத் தானே பார்த்துக்கொண்டு ஓட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கீழே அடித்தால் வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும்; திரும்பி வருகிற ஒளியின் அளவை எல்எம் 358 என்ற எட்டுக்கால் ஐசி ஒப்பிட்டுப் பார்த்து எந்தப் பக்க மோட்டாரை நிறுத்துவது என்று முடிவு சொல்லும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் செய்வதற்கு எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

என் தாய்மாமா படகு எஞ்சின் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு நின்றவர். அப்போது மீன்பிடித் தடைக்காலமாக இருந்த ஏப்ரல் 15 முதல் மே 29 வரை விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். மற்றவர்களுக்கு ஓய்வு, அவருக்கு அப்போதுதான் தலைக்கு மேல் வேலை. அந்த வேலைக்கு நடுவிலும் இரவு பத்து மணிக்கு மேல் வந்து என் பக்கத்தில் உட்காருவார். சால்டரிங் அயர்னை முதலில் என் கையில் கொடுத்தவர் அவர்தான். பற்றவைத்த இடங்களில் உப்புக்காற்று ஏறாதிருக்க வார்னிஷ் பூசச் சொன்னதும் அவர்தான். கியர் என்றால் என்ன என்பதைப் பாடப்புத்தகம் எனக்கு விளக்கியதில்லை. "பாம்பன் தூக்குப்பாலத்தை ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கையாலேயே சுத்தித் தூக்குறாங்களே, அத்தாம் பெரிய இரும்பை எப்பிடி? சுத்துறது நெறைய, அசையுறது கொஞ்சம். ஒம் மோட்டாருக்கும் அதான் மருமகனே" என்றார். 1914-இல் திறந்த பாலம். இன்று அதன் பக்கத்திலேயே 72.5 மீட்டர் இரும்பை நேர்செங்குத்தாக உயர்த்தும் புதுப்பாலம் 2025-இல் வந்துவிட்டது, பழையதில் ரயில் ஓடுவதில்லை. ஆனாலும் கியர் விகிதம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கண்ணில் வருவது அந்தப் பழைய பாலமும், அதைச் சுற்றுகிறவர்களின் தோளும்தான்.

போட்டிக்கு அவரும் வந்தார். பரமக்குடி, மானாமதுரை வழியாகப் பேருந்தில் மடியில் வண்டியை வைத்துக்கொண்டு போனோம். எமர்ஜென்சி விளக்கில் கழற்றிய பேட்டரி இரண்டை ஏற்றியிருந்ததால் வண்டி கனத்தது. வீட்டில் இரவு நேரத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில், வண்டி கோட்டை விட்டு அசையாது. மதுரையில் அந்த அரங்கில் கிழக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சன்னல். காலை வெயில் பேனர் மேல் பாய்ந்து கிடந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி இருக்கிறது என்பதை நான் படித்திருந்தேன். படித்ததற்கும் என் வண்டிக்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றவில்லை. வண்டிக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டது. முதல் வளைவிலேயே கோட்டை விட்டு நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. உணரியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிரிசெட்டைத் திருகித் திருகிப் பார்த்தேன். கை நடுங்கியது.

மாமா வாசல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெளியாட்கள் வரக்கூடாது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், வெயில் கண்ணைக் கூசுகிறது மாமா என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெயில்ல கடலைப் பாக்கணும்னா நாம என்ன செய்வோம்? கையைக் குவிச்சு வச்சுத்தானே பாப்போம். இதுக்கும் ஒரு கையைக் குவிச்சுருவோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த இருசக்கர வாகனப் பட்டறையில் ஒரு முழம் கறுப்பு பெட்ரோல் டியூப் வாங்கிவந்து, பிளேடால் கட்டைவிரல் நக நீளத்துக்குத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வோர் உணரியின் தலையிலும் ஒவ்வொன்றாகச் செருகினார். அளந்து வைத்ததுபோல் பொருந்திற்று. பக்கவாட்டு வெயில் மறைந்தது, வண்டி ஓடியது.

ஓட்டம் முடிந்ததும் ஒரு நடுவர் வண்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அந்த டியூப் துண்டுகளை விரலால் தொட்டார். "அட, இது யாரு செஞ்சு குடுத்தா?" என்றார்.

அதே கேள்வி.

அவர் குரலில் கேலி இல்லை என்பதை இன்று யோசிக்கும்போது உணர்கிறேன். ஆனால் பத்தொன்பது வயதில், சுற்றி ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில், அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு என்று எனக்குப் பட்டது. "நானே செஞ்சேன் சார்" என்றேன். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தேன். மாமா கேட்டுக்கொண்டுதான் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மிச்ச டியூபைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, ஆமாம் ஆமாம் என்பதுபோல் நடுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பரிசு கிடைக்கவில்லை. புதுமையான யோசனைக்கு என்று ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயர் போட்டு. அதை மாமாவே ராமநாதபுரத்துக்கு எடுத்துப்போய் லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார்.

இப்போது சிலர் வருவார்கள்: "பார்த்தீர்களா, நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், பெரியவர்கள்தான் செய்து கொடுக்கிறார்கள்." இந்த வாதத்துக்காகத்தான் காத்திருந்தேன். உலகத்தில் இந்த மாணவர் ரோபோ போட்டிகளுக்கெல்லாம் பெரிய முன்மாதிரி என்று சொல்லப்படுகிற ஃபர்ஸ்ட் அமைப்பை 1989-இல் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் தொடங்கினார். 1992-இல் அமெரிக்காவில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு அவர்களின் முதல் போட்டி நடந்தது. அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு தொழில்முறைப் பொறியாளர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்வதை யாரும் மறைப்பதில்லை, அதுவே திட்டம். அந்தப் பொறியாளருக்கு வழிகாட்டி என்று பெயர். ஃபர்ஸ்ட் அமைப்பே சிறு பிள்ளைகளுக்கு நடத்துகிற லெகோ லீக் போட்டியில் பெரியவர்கள் வேலையில் கை வைக்கக் கூடாது, சரி. ஆனால் அங்கேயும் மேசை மேல் ரோபோவின் இரண்டரை நிமிட ஆட்டம் போக, நடுவர்கள் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, எப்படி வடிவமைத்தீர்கள், எங்கே தவறியது, எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். அங்கே பொறியாளர் பக்கத்தில் நின்றால் வழிகாட்டி. இங்கே எட்டாம் வகுப்பு படித்த தாய்மாமா பக்கத்தில் நின்றால் பிள்ளை திருடன். அப்படித்தானே?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இனி எப்படியும் கோபித்துக்கொள்ளப் போகிறீர்கள். அந்த மேடைக்குப் பின்னால் இருந்த பேனரில் அப்துல் கலாம் படம் பெரிதாக இருந்தது. இருக்கட்டும். ராமேசுவரத்தில் பிறந்து ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்தவர் படம் இங்கே இல்லாமல் எங்கே இருக்கும்? வரவேற்புரையில் அவர் பெயர் ஒன்பது முறை வந்தது, எண்ணினேன். அந்தப் படத்துக்குக் கீழே நின்ற எங்கள் தீவுப் பிள்ளையிடம் போய், இது உன்னால் முடிந்திருக்காதே என்ற தொனியில் கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு அவள் அப்பாவோ சித்தப்பாவோ ஒரு கம்பியைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். இருக்கட்டுமே. "உண்மையைச் சொல்லும்மா" என்று நாலு பேர் முன்னால் நெருக்கினால் அவளுக்கு இரண்டே வழிதான் உண்டு: தான் செய்ததையும் இல்லை என்பது, அல்லது கூட நின்றவரை இல்லை என்பது. நான் இரண்டாவதைச் செய்தேன். அவள் "நாங்கதான்" என்றாள். நாங்கள் என்றாள். யாரையும் விட்டுவிடவில்லை. என்னைவிடப் பெரிய மனசு.

நேற்று மாலை மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அறுபது தாண்டிவிட்டது, இப்போது எஞ்சின் வேலைக்குப் போவதில்லை. காணொளியைக் காட்டினேன். கைபேசியைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். நடுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2012-ஐப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தார்ப்பாய் நனைஞ்சா கனக்குமே, அந்தப் புள்ள திரும்பச் சுருட்ட என்ன மோட்டார் போட்டுருக்கு?" என்றார்.

காணொளியில் தெரியவில்லை மாமா, விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். அந்தப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால் தயவுசெய்து உள்பெட்டியில் எழுதவும்.