நாட்டு மாடும் மனுஷன் செஞ்சதுதான்

"நாட்டு மாடு இயற்கை கொடுத்தது, கலப்பின மாடு மனுஷன் செஞ்சது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. நாட்டு மாட்டின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் அந்த மாட்டை உருவாக்கியவர்களின் பெயரை அழித்துவிட்டு இயற்கைக்கு மாலை போடுவது எந்த ஊர் நியாயம்?

காங்கேயம் காளையைப் பாருங்கள். பிறக்கும்போது செவலை, ஆறு மாதம் போனால் சாம்பல், முறுக்கேற ஏறக் கழுத்தும் திமிலும் கறுத்துவிடும். கவலை இறைக்கவும் (மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது) பார வண்டி இழுக்கவும் கொங்கு நாட்டுக்கு மாடு தேவைப்பட்டது. இழுக்கிற எருதோ காயடித்தது, அதற்கு வாரிசு கிடையாது. அதனால் நல்ல எருதுகளைப் போட்ட தகப்பனைத்தான் பொலிகாளையாக, அதாவது பசுக்களோடு இணை சேரும் காளையாக, விட்டார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. அந்த இழுவை பலம் அப்படித் தேர்ந்து தேர்ந்து வந்தது.

டார்வினும் இங்கிருந்துதான் ஆரம்பித்தார். 1859இல் வந்த அவர் நூலின் முதல் அத்தியாயமே வளர்ப்புப் பிராணிகளைப் பற்றியது. லண்டன் புறாச் சங்கங்களில் சேர்ந்து, தானே புறா வளர்த்துப் பார்த்தவர். விசிறிவால் புறா, தொண்டையை ஊதிக் காட்டும் புறா எல்லாமே ஒரே மாடப்புறாவின் வம்சம் என்றார். பிறக்கிற குட்டிகள் ஒன்றுபோல இருக்கக் கூடாது, அந்த வித்தியாசம் வாரிசுக்குப் போக வேண்டும், அந்த வித்தியாசத்தைப் பொறுத்து வாரிசு கூடவோ குறையவோ வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும், தலைமுறை போகப் போக இனம் மாறும். தொழுவமானாலும் காடானாலும் கணக்கு இதேதான்.

எதைப் பார்த்துக் கழிக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், பிறகு உடம்பில் முடி சுழன்றிருக்கும் சுழி பார்ப்பார். கோபுரச் சுழி என்றால் விலை ஏறும். பெண்டிழந்தான் சுழி என்றால் எவ்வளவு நல்ல காளையானாலும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார் (பெண்டாட்டி பயமா, பாசமா தெரியவில்லை). கொறங்காட்டு (கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலம்) வெயிலுக்குச் சுழி தெரியாது. மழை பொய்த்த வருஷத்தில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லைத் தின்று எது தாங்கியதோ அது அடுத்த வருஷம் கன்று போட்டது. விவசாயி ஒரு பக்கம் கழிக்க, வறட்சி மறுபக்கம் கழித்திருக்கிறது.

மனிதன் ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் கூடவே என்ன வரும் என்பதற்கு ஹோல்ஸ்டீன் என்ற பால் மாட்டு இனத்தில் அமெரிக்கக் காளை ஒன்று உண்டு. பெயர் சீஃப், பிறந்தது 1962. மகள்கள் பால் கொட்டினார்கள். உறைவிந்து ஊசி வந்துவிட்டதால் மகள்களே 16,000. அதன் ரத்தத்தில் ஒரு கெட்ட மரபணுவும் ஒளிந்திருந்தது. தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் அது சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். உலகம் முழுக்க இப்படிக் கலைந்தவை சுமார் 5 லட்சம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். காட்டில் எந்தக் காளையாலும் இத்தனை பசுக்களை எட்ட முடியாது. இதை வைத்து வெளிநாட்டு மாட்டைத் திட்ட வேண்டாம். ஊருக்கு ஒரே பொலிகாளை என்று விட்டால் நம் தொழுவத்திலும் இதே ஆபத்துதான்.

பம்ப்செட்டும் டிராக்டரும் வந்ததும் கவலை போயிற்று, காங்கேயத்தைத் தேர்ந்தெடுத்த காரணமும் போயிற்று. இப்போது ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு ஓட்டம் பார்க்கிறார்கள், சிலர் பால் பார்க்கிறார்கள், சிலர் போட்டோவுக்குக் கொம்பு பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் மாட்டை ஒவ்வொரு பக்கம் இழுக்கும். இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறவர்கள் எந்த வேலைக்காகக் காளையைத் தேர்கிறார்கள், எந்தக் கன்றுக்கு எது தகப்பன் என்று நோட்டில் எழுதி வைக்கிறார்களா என்பதைக் கமெண்டில் சொன்னால் பேசலாம்.